நகையை அடகு வைத்துப் பார்க்க வேண்டிய படமா இது?

இது நீண்ட பதிவு. காலை காப்பியோடு படிக்கிறவர்கள் இரண்டாவது டம்ளருக்கும் சொல்லிவிடுங்கள். சூத்திரங்களைக் கைபேசியில் தட்ட எனக்கு வராது, அதனால் எல்லாவற்றையும் சொல்லாகவே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் கோபத்திலும் எழுதுகிறேன். அதையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எட்டாம் வகுப்பு வரை என்னிடம் கணக்குப் படித்தவர். கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் பத்து மா நிலம் சொந்தம், அதற்கு மேல் கொஞ்சம் குத்தகை. மகள் பொறியியல் முதலாண்டு. உட்கார் என்றால் உட்காரவில்லை. கையில் மஞ்சப்பை.

"என்னப்பா, பையில என்ன?"

"நகை சார். சொசைட்டில வைக்கப் போறேன். பாப்பாவுக்கு லேப்டாப் வாங்கணும். அறுபதாயிரத்துக்கு மேல ஆகும்ங்கறாங்க."

"பெரியவனுக்கு கவர்ன்மென்ட் லேப்டாப் குடுத்தாங்களே, அது என்ன ஆச்சு?"

"இருக்கு சார். அது பத்தாதாம். மேட்லேப் ஓடணுமாம். பதினாறு ஜி.பி. வேணுமாம். மூணு பக்கமும் தெரியற மாதிரி கணக்குப் படம் வரையணுமாம்."

கல்லூரியிலிருந்து வந்த வாட்ஸ்அப் தகவலைக் காட்டினார். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பல கல்லூரிகள் இப்படித்தான் செய்கின்றன என்று கேள்விப்படுகிறேன். பதினாறு ஜி.பி. ராம், தனி கிராபிக்ஸ் கார்டு, "மேட்லேப் நிறுவப்பட்டிருக்க வேண்டும்." அவ்வளவுதான் அந்தத் தகவல். மென்பொருளை எங்கே வாங்குவது, என்ன விலை, உரிமம் யாருடையது என்று ஒரு வார்த்தை இல்லை. மூத்த மாணவர் ஒருவர் வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்: முந்நூறு ரூபாய் கொடுத்தால் பென் டிரைவில் கிராக் போட்டுத் தருவார்களாம்.

ஆக, கணக்குப் படிக்கப் போன பிள்ளைக்கு முதல் மாதப் பாடம் திருட்டு. இரண்டாவது பாடம் அடகு.

"பையை உள்ளே வை, முதல்ல பாப்பாவை வரச் சொல்லு" என்றேன்.

நான் யார் இதைப் பேச என்று சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த இடைநிலை ஆசிரியர். பட்டதாரி இல்லை. பின்னமும் தசமமும் வட்டியும்தான் என் வாழ்க்கை. பகுதி வகைக்கெழு என்ற சொல்லையே ஓய்வு பெற்ற பிறகுதான் பார்த்தேன். கொரோனா ஊரடங்கில் வீட்டில் சும்மா இருக்க முடியாமல், அக்கம்பக்கத்துப் பிள்ளை ஒன்றின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து போட ஆரம்பித்தேன். எட்டாவது பாடம், வகையீடுகள் மற்றும் பகுதி வகைக்கெழுக்கள். அதற்கு மட்டும் இரண்டு மாதம் ஆனது. மென்பொருள்களையும் அப்போதுதான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் இலவசம், தமிழிலும் உண்டு. அவற்றைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். மெதுவாகக் கற்றவனுக்கு ஒரு லாபம் உண்டு: எங்கே தடுக்கும் என்று தெரியும்.

பிள்ளை வந்தது. கெட்டிக்காரப் பிள்ளை, தமிழ்வழியில் படித்தது. கணக்கைக் கேட்டேன். எக்ஸ் வர்க்கம் பெருக்கல் ஒய், அதை எக்ஸின் நான்காம் அடுக்கு கூட்டல் ஒய் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். எக்ஸும் ஒய்யும் சுழியை நோக்கிப் போனால் இந்தச் சார்பின் எல்லை என்ன? "சுழி சார்" என்றது. எப்படி என்றேன். ஆதியை நோக்கி எந்த நேர்கோட்டில் வந்தாலும் சுழிதான் வருகிறது, போட்டுப் பார்த்தேன் என்றது. கைபேசியில் படமும் காட்டியது. சிவப்பும் நீலமுமாக அழகான ஒரு மேடும் பள்ளமும். விரலால் தள்ளினால் சுழல்கிறது. நடுவில் ஏதோ மடிப்பு மாதிரி இருக்கிறது, அது படம் சரியாக வரவில்லை என்று நினைத்துக்கொண்டது.

விடை தவறு. எல்லை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. அந்த மடிப்புத்தான் விஷயமே.

இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். என் கோபத்தின் நியாயம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

கணினியை மூடச் சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத்தாள் எடுத்தேன். 2022 நவம்பர் 11ஆம் தேதி மழையை நம்மூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர். கொள்ளிடம், சிதம்பரம் பக்கம் முப்பதுக்கு மேல். மேற்கே போகப் போகக் குறைவு. தாளில் ஊர்களைப் புள்ளியாக வைத்து மழை அளவை எழுதச் சொன்னேன். பிறகு முப்பது சென்டிமீட்டர் எங்கெங்கே இருக்கும் என்று உத்தேசமாக ஒரு கோடு, நாற்பதுக்கு ஒரு கோடு. வானிலைக்காரர்கள் போடுகிற சம மழைக் கோடுகள் இவைதான். புவியியல் பாடத்தில் மலைக்குப் போடுகிற சம உயரக் கோடுகளும் இதே சங்கதி. ஓர் இடத்தைச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும், கிழக்கு மேற்கில் ஒன்று, வடக்கு தெற்கில் ஒன்று. அந்த இடத்தில் பெய்த மழை மூன்றாவது எண். இரு மாறிச் சார்பு என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். இதைப் புரிந்துகொள்ள ராம் எதற்கு?

இப்போது கேட்டேன்: "பாப்பா, முப்பது கோடும் நாப்பது கோடும் ஒண்ணை ஒண்ணு தொடலாமா?"

"தொட முடியாது சார். தொட்டா அந்த இடத்துல முப்பதா, நாப்பதா?"

"அப்ப உன் கணக்குக்குக் கோடு போடு."

ஒய் என்பது எக்ஸ் வர்க்கத்துக்குச் சமம் என்று வைத்துப் பாருங்கள். மேலே எக்ஸின் நான்காம் அடுக்கு, கீழே அதுபோல இரண்டு. விடை அரை. அந்தப் பரவளையம் முழுக்க, ஆதிக்கு எவ்வளவு நெருங்கினாலும், அரைதான். ஒய் என்பது இரண்டு எக்ஸ் வர்க்கம் என்றால் ஐந்தில் இரண்டு. மூன்று எக்ஸ் வர்க்கம் என்றால் பத்தில் மூன்று. கழித்தல் எக்ஸ் வர்க்கம் என்றால் கழித்தல் அரை. சம மதிப்புக் கோடுகள் எல்லாம் பரவளையங்கள். எல்லாப் பரவளையங்களும் ஒரே புள்ளியில், ஆதியில், வந்து முட்டுகின்றன. அரை மழைக் கோடும், பத்தில் மூன்று மழைக் கோடும், கழித்தல் அரைக் கோடும் ஒரே இடத்தில். அங்கே என்ன மழை பெய்தது என்று யார் சொல்ல முடியும்?

பிள்ளை தாளையே பார்த்துக்கொண்டிருந்தது. "நேர்கோட்டுல வந்தா இது தெரியவே தெரியாதுல்ல சார்" என்றது. முப்பத்தேழு வருடம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும்.

இதிலிருந்து ஒன்று தெரிந்துகொள்ளலாம். படம் வரைகிற மென்பொருளைத் தேர்ந்தெடுக்க முதல் கேள்வி "முப்பரிமாணத்தில் அழகாகச் சுழலுமா" என்பது இல்லை. சம மதிப்புக் கோடுகளைத் தரையில் வரைந்து காட்டுமா என்பதுதான். மேற்பரப்பை மட்டும் பளபளவென்று சுழற்றிக் காட்டுகிற செயலி, கோயில் திருவிழாவில் ராட்டினம் சுற்றிவிடுவது போல. ஏறியவனுக்கு ஆனந்தம், இறங்கிய பிறகு ஊர் எந்தப் பக்கம் என்று தெரியாது.

அடுத்த கேள்வி, கட்டங்களின் எண்ணிக்கையை நாம் மாற்ற முடியுமா. கணினி ஒன்றும் எல்லாப் புள்ளியிலும் கணக்குப் போடுவதில்லை. வலை மாதிரி கட்டம் கட்டி, கட்டத்தின் முனைகளில் மட்டும் மதிப்பைக் கண்டுபிடித்து, நடுவில் ஒட்டுப் போடுகிறது. மேக்சிமா என்ற மென்பொருளில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பக்கத்துக்கு முப்பது கட்டம். எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஒய் வர்க்கத்தின் சைன் மதிப்பைக் கழித்தல் பத்திலிருந்து பத்து வரை வரையச் சொல்லிப் பாருங்கள். குளத்தில் கல்லெறிந்தது போல வட்ட வட்டமாக அலை வர வேண்டும். நடுவில் வரும். ஓரங்களில் இல்லாத குன்றுகளும் இல்லாத குழிகளும் முளைத்திருக்கும். அலை அங்கே அவ்வளவு நெருக்கம், கட்டமோ அகலம். கட்டத்தை இருநூறாக்கினால் குன்றுகள் மாயமாகி வட்டங்கள் வரும். முதல் படம் பொய். ஆனால் பார்க்க முதல் படமும் அழகாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்து. தன் கட்டத்தை நம்மிடம் காட்டாத செயலி, தன் எடைக்கல்லைக் காட்டாத கடைக்காரர் மாதிரி.

மூன்றாவதாக அளவுகோல். பல மென்பொருள்கள் பெட்டிக்குள் படம் நிறைந்து தெரிய வேண்டும் என்பதற்காக உயரத்தைத் தாமாகவே இழுத்துவிடும். தஞ்சாவூரிலிருந்து நம்மூர் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். தரை இறங்குவது ஏறக்குறைய ஐம்பது மீட்டர். கிலோமீட்டருக்கு அரை மீட்டர் சரிவு. இந்த நிலத்தை அப்படிப்பட்ட மென்பொருளில் கொடுத்தால் ஊட்டி மலைச்சரிவு மாதிரி வரைந்து தரும். இது கணக்குப் புத்தகத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. கடைமடைக்காரனுக்குத் தெரியும், இந்த அரை மீட்டர் எந்தத் திசையில் இறங்குகிறது என்பதில்தான் தண்ணீர் வடிவதும் தேங்குவதும். சம உயரக் கோட்டுக்குச் செங்குத்தாகத் தண்ணீர் ஓடும். கிரேடியன்ட் என்று பொறியியல் பிள்ளைகள் எழுதுவது ஏற்றத்தின் திசையை, தண்ணீர் போவது அதற்கு நேர் எதிரே. நாற்று நடுவதற்கு முன் வயலில் தண்ணீர் கட்டி, மேடு தெரிகிற இடத்தில் மண்வெட்டியால் இழுத்து மட்டப்படுத்துகிறானே, அவன் பார்ப்பது சம மட்டக் கோடு தவிர வேறென்ன? பிள்ளையின் அப்பா மூலையில் உட்கார்ந்திருந்தவர் இந்த இடத்தில் நிமிர்ந்தார். "இதையா சார் காலேஜ்ல சொல்லித் தர்றாங்க?" என்றார். "சொல்லித் தரணும்" என்றேன்.

சேணப்புள்ளி என்று ஒன்று வரும். எக்ஸ் வர்க்கம் கழித்தல் ஒய் வர்க்கம். ஒரு திசையில் பார்த்தால் பள்ளத்தின் அடி, குறுக்கே பார்த்தால் மேட்டின் உச்சி. அமெரிக்கப் புத்தகங்களில் உருளைக்கிழங்கு சிப்ஸைக் காட்டுவார்கள். சேணத்தை நம்மூரில் யார் பார்த்தார்கள்? நான் மாட்டின் கழுத்தைச் சொன்னேன். நுகத்தடி உட்காருகிற இடம். பின்னால் திமில் ஏறுகிறது, முன்னால் தலைப்பக்கம் ஏறுகிறது, நடுவில் தாழ்வு. ஆனால் இடமும் வலமும் கழுத்து சரிகிறது. அதனால்தான் நுகம் அங்கே நிற்கிறது. சேணப்புள்ளி அதுதான். இப்போது உழவு மாடு இல்லை, டிராக்டர்தான். இன்னும் பத்து வருடத்தில் இந்த உவமையும் செல்லாது.

சரி, மென்பொருளுக்கு வருகிறேன்.

மேட்லேப் கெட்ட மென்பொருள் இல்லை. அதன் கதை நல்ல கதை. கிளீவ் மோலர் என்ற பேராசிரியர், நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில், தன் மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதக் கஷ்டப்படாமல் அணிக் கணக்குப் போட வேண்டும் என்று 1970களின் கடைசியில் எழுதிக் கொடுத்தது. 1984இல்தான் கம்பெனி ஆனது. பிள்ளைகளுக்காக வாத்தியார் செய்த பொருள் என்பதால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. இன்றைக்கும் கல்லூரி வளாக உரிமம் வாங்கினால் மாணவர்கள் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. அப்படியானால் கேட்கிறேன்: உரிமம் வாங்கியிருந்தால் அந்தத் தகவலில் ஏன் சொல்லவில்லை? வாங்கவில்லை என்றால், கல்லூரியே வாங்காத ஒன்றைக் குத்தகைக்காரர் வீட்டுப் பிள்ளை வைத்திருக்க வேண்டும் என்று எப்படி எழுதுகிறீர்கள்? கிராக் போட்டுக்கொள் என்று எழுத வெட்கம், அதனால் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அவ்வளவுதானே?

"வேலைக்குப் போற எடத்துல மேட்லேப்தான் கேக்கறாங்க" என்று ஓய்வு பெற்ற விரிவுரையாளர் நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். உண்மை இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பொறியியல், சிமுலிங்க் என்று மூன்றாம் ஆண்டில் போகிறவர்களுக்கு அது தேவைப்படலாம். அப்போது கல்லூரி ஆய்வகத்தில் உட்கார்ந்து செய்யட்டும். முதலாண்டுப் பிள்ளைக்கு வேண்டியது என்ன? கட்டம் கட்டுவது, மேற்பரப்பு வரைவது, சம மதிப்புக் கோடு வரைவது, அம்புக்குறி போட்டுத் திசை காட்டுவது. நான்கே கட்டளைகள். இந்த நான்கும் அதே எழுத்தில், அதே பெயரில் ஆக்டேவ் என்ற மென்பொருளில் ஓடுகின்றன. ஜான் ஈட்டன் என்பவர் 1992இல் எழுத ஆரம்பித்தது. தன் வேதிப்பொறியியல் பேராசிரியரின் பெயரை அதற்கு வைத்தார். (வாத்தியார் பெயரை வைத்த மாணவர்! படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, மறைப்பானேன்.) காசு கிடையாது. கிராக் தேவையில்லை. ரெகார்டு நோட்டில் எழுதிக் கொடுத்தால் எந்தப் பேராசிரியரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்.

ஆனாலும் முதலாண்டுக்கு என் ஓட்டு மேக்சிமாவுக்குத்தான். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1960களின் கடைசியில் தொடங்கிய மேக்சிமா (அப்போது பெயரின் ஆங்கில எழுத்து வேறு) பல கை மாறியது. வில்லியம் ஷெல்டர் என்ற டெக்சாஸ் பேராசிரியர் தனி ஆளாக அதன் ஒரு பிரதியைப் பல வருடம் காப்பாற்றி, 1998இல் அரசு அனுமதி பெற்று எல்லோருக்கும் பொதுவாக்கினார். 2001இல் இறந்துபோனார். அவர் விட்ட இடத்திலிருந்து தன்னார்வலர்கள் இன்றும் நடத்துகிறார்கள். அதில் சார்பைக் கொடுத்தால் பகுதி வகைக்கெழுவை எழுத்தாகவே கண்டுபிடித்துத் தரும். அதை நம் கைக்கணக்கோடு ஒப்பிடலாம். மேற்பரப்பு வரையும், சம மதிப்புக் கோடு வரையும், கட்டத்தை நாம் மாற்றலாம். நிறுவும் கோப்பு ஒரு சினிமாப் படத்தைவிடச் சிறியது. இணையம் வேண்டாம்.

இணையம் வேண்டாம் என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அந்த நவம்பர் மழையில் எங்கள் தெருவில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் வந்த பிறகும் கைபேசியில் இணையம் வந்து வந்து போனது. வருடா வருடம் ஐப்பசி கார்த்திகையில் ஏதோ ஒரு வாரம் நமக்கு இப்படித்தான். பருவத் தேர்வும் அந்தக் காலத்தில்தான் வந்து நிற்கும். பெரிய ஊரில் உட்கார்ந்துகொண்டு "எல்லாம் கிளவுடில் இருக்கிறது" என்பவர்களுக்கு நம் ஊர் மேகம் என்ன செய்யும் என்று தெரியாது.

அடுத்து ஜியோஜீப்ரா. இதைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனசு இரண்டாக இருக்கிறது. மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது தன் ஆய்வேட்டுக்காக உருவாக்கியது. தமிழ் இடைமுகம் உண்டு. கைபேசியிலும் முப்பரிமாணத்தில் அருமையாக வரையும். நம் தமிழ்நாடு பாடநூலில் "இணையச் செயல்பாடு" என்று கட்டம் போட்டு கியூ.ஆர். குறியீட்டோடு வருகிறதே, கணிதத்தில் அவற்றில் பல ஜியோஜீப்ராதான். வடிவியலுக்கு அதற்கு நிகர் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முக்கோணத்தின் கோணக் கூடுதலை அதில் காட்டியிருக்க முடிந்தால், காகிதத்தைக் கிழித்து ஒட்டி நான் செலவழித்த பசையெல்லாம் மிச்சமாகியிருக்கும்.

ஆனால் 2021 டிசம்பரில் பைஜூஸ் நிறுவனம் ஜியோஜீப்ராவை வாங்கியதாக அறிவித்தது. 2024 ஜூலையில் அதே பைஜூஸ் நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கைக்குப் பெங்களூரு தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அனுமதி கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான் யார்மீதும் குற்றம் சொல்லவில்லை. கேள்வி கல்வித்துறைக்கு. நம் பிள்ளைகளின் பாடநூலில் அச்சடித்த இணைப்புகள் ஒரு தனியார் நிறுவனத்தின் தளத்துக்குப் போகின்றன. நாளை அந்தத் தளம் கை மாறினால், கட்டணம் வைத்தால், முகவரி மாறினால், புத்தகத்தில் அந்தக் கட்டங்கள் எல்லாம் வெற்றுக் கட்டங்கள்தானே? ஜியோஜீப்ராவின் மூல நிரல் பொது உரிமத்தில் இருக்கிறது என்பார்கள். சரி. ஆனால் நிறுவும் கோப்புக்கும் மற்ற பாகங்களுக்கும் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம் என்று தனி நிபந்தனை உண்டு. படித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

இது வெறும் பயம் இல்லை. முன்பே நடந்திருக்கிறது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் கணிதப் படங்கள் எல்லாம் ஜாவா ஆப்லெட்டிலும் ஃபிளாஷிலும் இருந்தன. உலாவிகள் ஆப்லெட்டைக் கைவிட்டன. ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31ஓடு முடிந்தது. எத்தனையோ ஆசிரியர்கள் ராத்திரி கண் விழித்துச் செய்த படங்கள் ஒரே நாளில் சாம்பல் கட்டங்களாகிவிட்டன. பால் சீபர்கர் என்ற அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர் கால்க்பிளாட் த்ரீடி என்று பலமாறி நுண்கணிதத்துக்கென்றே ஒன்றை ஆப்லெட்டாகச் செய்து வைத்திருந்தார். அதையே மறுபடி ஜாவாஸ்கிரிப்டில் எழுத வேண்டியதாயிற்று. அவர் எழுதினார், இன்றும் ஓடுகிறது, இலவசம்தான். இணையம் இருக்கும்போது அதைப் பாருங்கள், சம மதிப்புக் கோடும் மேற்பரப்பும் அதில் நன்றாகத் தெரியும். எழுத ஆளில்லாதவை போனது போனதுதான்.

அதனால் கல்வித்துறைக்கு ஒன்று சொல்கிறேன். பாடநூலில் இணைப்புக் கொடுத்திருக்கிற ஒவ்வொரு செயல்பாட்டின் கோப்பையும் இறக்கி அரசின் சொந்தத் தளத்தில் வையுங்கள். பள்ளிக் கணினியிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள். பெரிய செலவு இல்லை. ஒரு ஆசிரியர் குழு ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடும். என்னைக் கூப்பிட்டால் நானே வருகிறேன், படி கூட வேண்டாம்.

டெஸ்மோஸ் பற்றிக் கேட்பீர்கள். 2023இல் முப்பரிமாண வசதி வந்தது. வேகம், சுத்தம், பழகச் சுலபம். ஆனால் அதன் முகவரியும் யாரோ ஒருவரின் வீட்டு முகவரிதான். பைத்தான் தெரிந்த பிள்ளைகளுக்கு மேட்பிளாட்லிப் நல்லது. அதில் ஒரு சின்ன விஷயம் எனக்குப் பிடித்தது. 2017இல் வந்த இரண்டாம் பதிப்பில் படத்தின் வழக்கமான நிறவரிசையையே மாற்றினார்கள். பழைய வானவில் நிறத்தில் சிவப்பும் நீலமும் கறுப்பு வெள்ளைப் பிரதியில் ஒரே சாம்பலாகிவிடும், மேடா பள்ளமா தெரியாது. புதிய வரிசையில் தாழ்வு இருட்டு, உயரம் வெளிச்சம், சீராக ஏறும். கடைத்தெருவில் ஒன்றரை ரூபாய்க்கு ஜெராக்ஸ் எடுத்தாலும் படம் பேசும். நிறம் பிரித்தறிய முடியாத பிள்ளைகளுக்கும் புரியும். இப்படி யோசிக்கிறவர்கள் செய்த பொருள்மீது எனக்கு நம்பிக்கை வருகிறது.

கடைசியாக அந்தப் பழைய மடிக்கணினி. 2011இல் தொடங்கிய திட்டத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்ததில் ஒன்று. அண்ணன் படித்து முடித்துப் பரணில் ஏற்றி வைத்தது. பரணில் இருந்ததால்தான் 2022 வெள்ளத்தில் தப்பியது. நாலு ஜி.பி. ராம். பேட்டரி செத்துவிட்டது, வயரைச் செருகினால் ஓடும். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் நாட்டு சி-டாக் நிறுவனம் செய்தது. யாரும் அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. கேலி பேசினோம், "அரசாங்க லேப்டாப்" என்று. அதில்தான் அன்று மதியம் மேக்சிமா போட்டோம். சோறு சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஏறிவிட்டது. முதலில் நம் பரவளையக் கணக்கு. முப்பது கட்டத்தில் பல் விழுந்த வாய் மாதிரி ஒரு வரப்பு தெரிந்தது. இருநூறு ஆக்கியதும் வளைந்த வரப்பு முழுசாக எழுந்து நின்றது. சம மதிப்புக் கோடுகளைப் போட்டதும், காலையில் தாளில் நாங்கள் கையால் வரைந்தது அப்படியே வந்தது. "சார், மடிப்பு இல்ல சார் அது" என்று பிள்ளை சிரித்தது.

2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்திருக்கிறார்கள். நல்ல காரியம். அதில் என்ன மென்பொருள் போட்டுத் தருவது என்று முடிவு செய்கிற அதிகாரிகள் யாராவது இதைப் படித்தால்: மேக்சிமா, ஆக்டேவ், இணையமில்லாமல் ஓடும் ஜியோஜீப்ரா, இந்த மூன்றையும் ஏற்றித் தாருங்கள். கூடவே நாலு பக்கத்தில் தமிழில் ஒரு கையேடு. எந்தக் கல்லூரியும் பிள்ளைகளிடம் இதற்கு மேல் கேட்க வேண்டுமென்றால் உரிமத்தைக் கல்லூரியே வாங்கித் தர வேண்டும் என்று ஒரு வரி சுற்றறிக்கையில் போடுங்கள்.

சாயந்தரம் அப்பா மஞ்சப்பையோடு வீட்டுக்குத் திரும்பினார். சொசைட்டிக்குப் போகவில்லை. கல்லூரியில் பேசப் பிள்ளையே ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறது. ஆக்டேவில் செய்துகொள்ள அனுமதி கேட்டு, மரியாதையாக, தமிழில். நான் இரண்டு ஒற்றுப் பிழை மட்டும் திருத்தினேன்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வீட்டில் இருப்பேன். பரணில் பழைய மடிக்கணினி இருக்கிறவர்கள் எடுத்துக்கொண்டு வாருங்கள். பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை, வயர் மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள். என்னிடம் ஒரு ஜங்ஷன் பாக்ஸ்தான் இருக்கிறது, இருக்கிறவர்கள் இன்னொன்றும் கொண்டுவந்தால் நல்லது.